மாப்பிள்ளை வரிசை

எங்கள் துறைமுக ஊர் ஃப்ரிமேன்டிலில் கோடை மத்தியானம் கடலிலிருந்து வீசுகிற காற்றுக்கு ‘டாக்டர்’ என்று பெயர். காலையிலிருந்து வெயில் வறுத்தெடுத்த உடம்புக்கு அது வந்தால்தான் போன உயிர் திரும்பி வரும். யார் வைத்த பெயரோ, நன்றாகத்தான் வைத்தார்கள். சால்வோவுக்கு அதை வைத்து ஒரு கிண்டல் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லாமல் விடமாட்டான்.

“நான் பார்த்த டாக்டருங்கள்ல சொன்ன நேரத்துக்கு வர்றவர் இவர் ஒருத்தர்தான். கையில ஊசியும் இருக்காது, வாயில கெட்ட சேதியும் இருக்காது.”

லோர்னா அவன் மனைவி. இந்தக் கிண்டலை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். அன்றைக்குச் சாயங்காலமும் கேட்டு, சிரித்தும் வைத்தாள். பின்வாசல் மரத்தளத்தில் அவன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அவன் நெஞ்சிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் முனையைத் துடைத்தாள். பக்கத்துக் கம்பியில் அவனுடைய சாப்பாடு தொங்கியது. ஒரு பை நிறையப் பால் மாதிரி வெள்ளையாக ஒரு திரவம். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள எண்ணெய் கெட்டுவிடும் என்று, சால்வோவின் பழைய கம்பளிச் சட்டையை வெட்டி அதற்கு உறை தைத்திருந்தாள். விடிகிற வரைக்கும் அது சொட்டுச் சொட்டாக அவன் ரத்தத்தில் இறங்கும். அவனுக்கு ரொட்டி, மீன், சூப்பு எல்லாம் அதுதான்.

“பால்காரி வந்தாச்சு. இனி நான் கட்டிப்போட்ட மாடு,” என்றான்.

“வாயை மூடிட்டு சட்டையைத் திறய்யா.”

“உன் மாப்பிள்ளை எப்ப வர்றான்?”

“வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி கமிட்டி உக்காருது. சரின்னுட்டாங்கன்னா திங்கக்கிழமையே தொங்கவிட்டுடலாம்.”

“வரட்டும். நானும் கொஞ்சம் கொஞ்சமா அவன் கலருக்கே மாறிட்டு வர்றேன் பாரு.”

கண்ணையும் கன்னத்தையும் காட்டினான். மஞ்சள் பூத்திருந்தது. லோர்னா சிரிக்கவில்லை. அவன் ஈரல் எத்தனை மோசம் என்று மருத்துவர் சொன்னதை அவள் மறக்க முயன்றும் முடியாமல் சுமந்துகொண்டிருந்தாள். இந்தக் கோடையைத் தாண்டலாம், அடுத்த கோடையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். ஈரல் மாற்றி வைக்கலாமென்றால் அவன் இதயம் அந்தக் கத்திக்குத் தாங்காது. மிச்சமிருந்தது அந்த மாப்பிள்ளை ஒருவன்தான்.

மாப்பிள்ளை யார் என்று சொல்லிவிடுகிறேன். சால்வோ கல் இறால் பிடிக்கிறவன். அவன் அப்பாவும் சிசிலியிலிருந்து வந்து இதே துறைமுகத்தில் அதே வேலைதான் செய்தார். ஒரு நாள் நடுக்கடலில் சால்வோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் சுருண்டான். குடலுக்குப் போகிற ரத்தம் கட்டிப்போய், குடல் முழுக்கச் செத்திருந்தது. வெட்டி எடுத்ததுபோக ஒரு சாண் மிஞ்சியது. அன்றிலிருந்து வாய் வழியே ருசிக்கு ஒரு மிடறு காப்பி, ஐஸ்கட்டி, அவ்வளவுதான். உடம்புக்கான சாப்பாடெல்லாம் நெஞ்சுக் குழாய் வழியே. அந்தப் பால் உயிரைப் பிடித்து வைத்திருந்தது, ஈரலை அரித்தும் வந்தது. கொடுமையைப் பாருங்கள், கொடுத்தாலும் சாவு, கொடுக்காவிட்டாலும் சாவு.

லோர்னா பல்கலைக்கழக மருந்தாக்க ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலக்கிற வேலை. களிம்பு, முகத்துக்குப் பூசுகிற மருந்து, இப்படி. புருஷன் படுக்கையில் விழுந்ததும் அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு இந்தப் பாலைக் கையிலெடுத்தாள். பையிலுள்ள எண்ணெய் உள்ளுக்குள் மெல்லக் காறிப்போகிறது, பழைய எண்ணெய் மாதிரி கெடுகிறது, அந்தக் காறல்தான் ஈரலுக்கு எமன் என்பது அவள் கட்சி. காறாத பால் செய்தால் சால்வோ பிழைப்பான். அதற்கு அவள் நம்பியது ஒரு நிறத்தை. வடக்கே இளஞ்சிவப்பு நிறத்தில் உப்பு ஏரி ஒன்று இருக்கிறது. அங்கே அத்தனை உப்பிலும் வெயிலிலும் ஒரு கண்ணுக்குத் தெரியாத பாசி பிழைத்துக் கிடக்கிறது. உடம்பு முழுக்கச் செம்மஞ்சள் நிறமியை நிரப்பிக்கொண்டு, வெயிலின் அடியை அந்த நிறத்தின் மேல் வாங்கிக்கொள்கிறது. கேரட்டில் இருக்கிற அதே நிறமிதான். அதைப் பாலில் போட்டால் எண்ணெய்க்கு விழவேண்டிய அடியை அது வாங்காதா?

சும்மா போட்டால் திப்பி திப்பியாகத் திரண்டுவிடும். திப்பி ரத்தத்தில் போனால் ஆளையே முடித்துவிடும். அதனால் ஆய்வகத்தில் நிறமியை ஒரு மெழுகுக் கூட்டுக்குள் அடைத்து, பொடியினும் பொடியாக்கினார்கள். நானோ துகள் என்று பெயர். தலைமுடியின் அகலத்துக்குள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். கூடு இரண்டு விதம். ஒன்று கெட்டி மெழுகு, ஒன்று இளக்கமான மெழுகு. இரண்டையும் பாலில் கலந்து புட்டிகளில் அடைத்து, ரப்பர் மூடி போட்டு, சூடான பெட்டியில் விளக்கு வெளிச்சத்தின் கீழ் நிறுத்தினார்கள். பெட்டியில் இருக்கிற சில வாரம் வெளியே வருஷக்கணக்குக்குச் சமம்.

இளக்கமான கூட்டுக்காரன் நாலைந்து வாரத்திலேயே வெளுக்க ஆரம்பித்தான். நிறம் போய், சோகை பிடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டான். கெட்டிக் கூட்டுக்காரன் அசரவில்லை. போட்ட அன்றைக்கிருந்த பளபளப்போடு நின்றான். லோர்னாவோடு வேலை செய்கிற பெட்ரா வாயாடி. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இவன் சோணி. அவனைப் பாருங்க, கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான்,” என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. துறைத்தலைவர் டெஸ்மண்டுகூடக் கூட்டத்தில் ‘மாப்பிள்ளை வரிசை’ என்றுதான் சொல்வார். சோணி வரிசையை லோர்னாவே எடுத்துக் குப்பையில் போட்டாள். அன்றிலிருந்து காலையில் பெட்டியைத் திறந்து செம்மஞ்சள் புட்டிகளைப் பார்த்தால்தான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சோணியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே சோதனையும் செய்தார்கள். ரப்பர் மூடியில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்து, அதில் ஒரு ரசாயனத்தை விடுவார்கள். எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறதோ அவ்வளவுக்குச் சிவக்கும். ஆனால் நிறமியும் அதே சாயல்தானே? எனவே நிறமியின் பங்கைக் கணக்குப் போட்டு, மொத்தச் சிவப்பிலிருந்து கழித்துவிடுவார்கள். கழித்தபின் சோணிக்குக் கொஞ்சம் காறல் காட்டியது. மாப்பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை, சுத்தம். மூன்று பேரும் பார்த்தார்கள், மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை, கமிட்டிக்குக் காட்ட மாப்பிள்ளைப் புட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லோர்னா எடுத்து நீட்டினாள், பெட்ரா வாங்கி அடுக்கினாள். ஒரு புட்டி நழுவித் தரையில் விழுந்து சிதறியது.

“ஐயோ! கை வைக்காதீங்க, கண்ணாடி!” என்று பெட்ரா துடைப்பம் எடுக்க ஓடினாள்.

லோர்னா நின்ற இடத்திலேயே நின்றாள். வெள்ளைத் தரையில் செம்மஞ்சள் பால் அழகாகப் பரவிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வாடை எழுந்தது. அவளுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். சால்வோவின் வண்டியில் வெயிலில் கிடக்கிற இரைப்பெட்டியின் வாடை. மீன்தலையும் மீனெண்ணெயும் காறி, மூக்கில் ஏறித் தொண்டையில் உட்காருகிற வாடை. அதற்காக எத்தனை வருஷம் அவனை வீட்டு வாசலில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லித் திட்டியிருக்கிறாள்!

“என்ன நாத்தம் இது? சாக்கடை அடைச்சுக்கிச்சா?” என்றாள் திரும்பி வந்த பெட்ரா.

“இல்ல. மாப்பிள்ளை.”

“என்னது?”

லோர்னா இன்னொரு புட்டியை எடுத்தாள். அதன் மூடியை நெம்பினாள். அந்த ஆய்வகத்தில் அதை யாரும் செய்யமாட்டார்கள். கிருமி புகுந்துவிடும் என்று சீல் வைத்த புட்டியைக் கடைசிவரை திறக்கவேமாட்டார்கள், எல்லாம் ஊசி வழியேதான். அதனால் இத்தனை மாதத்தில் ஒருவர்கூட அதை மோந்து பார்த்ததில்லை. திறந்தாள், மோந்தாள். அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அதே இரைப்பெட்டி.

“டெஸ்ட்ல சுத்தமா வந்துச்சே லோர்னா! நான்தானே பண்ணேன்!” பெட்ராவுக்கு அழுகை வந்துவிட்டது.

“நீ பண்ணது சரி. கழிச்சது நான். நிறமியோட சிவப்புன்னு நினைச்சு, காறலோட சிவப்பையும் சேர்த்துக் கழிச்சுட்டேன்.”

அதைச் சொன்னபோதே மிச்சமும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. நிறமி எண்ணெய்க்குக் காவலாக வந்தது. அடியை வாங்கி அது அழிந்தால்தான் எண்ணெய் பிழைக்கும். வெளுத்துப் போனான் என்றால் வேலை செய்தான் என்று அர்த்தம். சோணி அதைத்தான் செய்திருக்கிறான். நிறமியெல்லாம் போனபிறகும் அவனிடம் காறல் கொஞ்சம்தான், கழிக்க ஒன்றுமில்லாததால் உள்ளது உள்ளபடி காட்டினான். இந்தத் தடியனோ கெட்டிக் கூட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் எண்ணெய் நாறிப்போனதுகூடத் தெரியாமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். நிறம் நிற்கிறது நிற்கிறது என்று அவனுக்கு மாலை போட்டோமே! படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று? அவளுக்குத் தன் மண்டையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

டெஸ்மண்ட் நல்ல மனிதர். வாசலில் நின்றபடியே மோந்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்,” என்றார்.

“ம்.”

“சோணியை மறுபடி பண்ணலாம். பதமெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே?”

“பண்ணி, பெட்டியில வெச்சு, மறுபடி முதல்லேர்ந்து முயலுக்குக் கொடுத்துப் பார்த்து... எவ்வளவு நாள் டெஸ்மண்ட்?”

அவர் கூரையைப் பார்த்தார். “அவசரப்படுத்தினா... ஒன்றரை வருஷம்.”

லோர்னா சிரித்தாள். பெட்ராவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“மூணு பேரும் பார்த்த நம்பர் அது. உன் தப்பு மட்டும் இல்ல. ஆராய்ச்சின்னா இப்படியெல்லாம் நடக்கும் லோர்னா,” என்றார் டெஸ்மண்ட்.

“நடக்கும். உங்க வீட்ல நடக்கலையே.”

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். லோர்னா பெட்டி விளக்கை அணைத்தாள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, உள்ளே உட்கார்ந்து, ஜன்னலை ஏற்றிவிட்டு, ஓவென்று அழுதாள். வெயிலில் கார் அடுப்பாகக் காய்ந்திருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது டாக்டர் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. சால்வோ பின்வாசல் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. காலடிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தான்.

“என்ன, சீக்கிரம் வந்துட்ட? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?”

அவள் கை கழுவப் போகவில்லை. நேரே வந்து அவன் காலடியில், பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

“மாப்பிள்ளை வரலை,” என்றாள்.

“ஓடிட்டானா?”

“கெட்டுப்போயிட்டான். எப்பவோ கெட்டுப்போயிட்டான். எனக்குத்தான் தெரியலை. நாளைக்கு கமிட்டி கிடையாது.”

எல்லாவற்றையும் சொன்னாள். கழித்த கணக்கைச் சொன்னாள், இரைப்பெட்டி வாடையைச் சொன்னாள். அங்கே மட்டும் அவன் லேசாகச் சிரித்தான்.

“என் வாடையை அங்கயும் கொண்டுபோயிட்டியா?”

“சால்வோ, விளையாடாத. சோணிதான் சரியான ஆளு. அவனை என் கையாலயே தூக்கிப் போட்டேன்.”

“திரும்பப் பண்ணலாம்ல?”

“பண்ணலாம்.”

“எத்தனை நாளாகும்?”

அவள் தலையைக் குனிந்து பலகை இடுக்கை விரலால் சுரண்டினாள். அவன் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, சொல்ல வேணாம். புரிஞ்சுது.”

பக்கத்து வீட்டில் யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. சால்வோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு.”

“நாளையிலேர்ந்து அங்க போகாத.”

“எங்க?”

“ஆய்வகத்துக்கு.”

“என்ன பேசற? இப்பதான் போகணும்! ராப்பகலா உக்காந்தா ஒன்றரை வருஷத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். டெஸ்மண்ட் கிட்ட...”

“டெஸ்மண்ட் பண்ணட்டும். அந்தப் பொண்ணு பண்ணட்டும். நீ போகாத.”

“உனக்காகத்தானேய்யா போனேன்! ஒரு லீவு நாள் உண்டா, ஒரு பண்டிகை உண்டா? எல்லாம் யாருக்காக?” அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எனக்காகத்தான். எனக்குத் தெரியாதா?” அவன் குரலை உயர்த்தவில்லை. “ஆனா நான் இங்க இருந்தேன் லோர்னா. நீ அங்க இருந்த. சாயங்காலம் வருவ, கையைக் கழுவுவ, குழாயை மாட்டுவ. பை சரியாத் தொங்குதான்னு பார்ப்ப. கண்ணு எவ்வளவு மஞ்சளாயிருக்குன்னு பார்ப்ப. என்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு.”

லோர்னா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஏன் இத்தனை நாளா சொல்லலை?”

“சொன்னா வேலையை நிறுத்திடுவ. நிறுத்தினா நீ உடைஞ்சுபோயிடுவ. அதுக்குப் பயந்தேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “நானும் ஒரு ஓரத்துல நம்பினேன், அதையும் சொல்லணும். இப்ப அதான் இல்லைன்னு ஆயிடுச்சே. இனிமே எதுக்கு நீ அங்கயும் நான் இங்கயும்?”

அவள் அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் தலையைத் தடவிக்கொடுத்தான். விரல்கள் வெறும் எலும்பாக இருந்தன. அவை எப்போது இப்படி இளைத்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. எடை எத்தனை குறைந்தது என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள்.

எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, டெஸ்மண்டுக்குப் போன் செய்தாள். நாளை வரமாட்டேன், நாளை மறுநாளும் வரமாட்டேன், சோணியின் பதத்தைப் பெட்ராவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர் ஏனென்று கேட்கவில்லை. பிறகு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டி, பையைக் கொண்டுவந்து தொங்கவிட்டாள். வெள்ளைப் பால் வழக்கம்போல இறங்க ஆரம்பித்தது. மற்ற நாளென்றால் இந்நேரம் கணினியைத் திறந்திருப்பாள். அன்று இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏதாவது பேசேன்,” என்றான் சால்வோ. “மருந்தைப் பத்தி மட்டும் வேணாம்.”

லோர்னா வாயைத் திறந்தாள். பெட்ரா சொன்ன ஒரு வேடிக்கை நினைவுக்கு வந்தது, அது ஆய்வகத்துக் கதை. டெஸ்மண்டைப் பற்றிச் சொல்லலாம், அதுவும் அதேதான். அவன் தங்கை மகளுக்குக் குழந்தை பிறக்கவேண்டிய நாள் வந்துவிட்டதா, பிறந்தே விட்டதா என்று அவளுக்கு நினைவில்லை. வேலியோரத்து எலுமிச்சை இந்த வருஷம் காய்த்ததா? அதைக்கூட அவள் பார்க்கவில்லை. வாயை மூடினாள். மறுபடி திறந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“மெதுவா யோசி,” என்றான் சால்வோ. “அவசரமில்ல.”